வெறும் தொட்டிலை ஆட்டியவள்

என் மனைவிக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காக, அவள் முகத்தைக் குறிபார்த்து ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்தவன் நான். இதை இப்படிப் பச்சையாக எழுதிவிடுவதுதான் நல்லது. கொஞ்சம் சுற்றி வளைத்தாலும் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். பழம் சின்னதுதான், வாடிப்போனதுதான், எறிந்ததும் மெதுவாகத்தான் என்று ஆரம்பித்துவிடுவேன். அந்தத் தொழிலில் எனக்கு நல்ல பழக்கம்.

அவள் தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்டாள். பழம் பின்சுவரில் பட்டு, உருண்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நான் கை தட்டினேன். “பார்த்தியா! கண்ணு தெரியுது! நான் சொன்னேன்ல!” என்று, லாட்டரியில் பரிசு விழுந்தவன் மாதிரி கத்தினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“என்னமோ வந்துச்சு,” என்றாள். “என்னங்க அது? பல்லியா?”

எழுபதுகளின் கடைசி அது. சிம்மக்கல்லில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. கீழே எந்நேரமும் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். மிளகாய் வற்றல் மூட்டை இறங்குகிற நாட்களில் நாங்கள் இருவரும் காரணமே இல்லாமல் அழுவோம். பகலில் நான் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலங்களில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன், பெரும்பாலும் மனைவிமார்களைக் கிண்டல் செய்து. எழுதியதில் பாதி திரும்பி வந்தது. அச்சில் வந்த பாதியைப் படித்தவர்கள், இது ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டார்கள்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். என் மனைவிக்குத் தாய் இல்லை. அதனால் பரவைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து மதினி, என் அண்ணன் மனைவி, வந்து தங்கினார். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். வயலையும் மாட்டையும் அந்த மூன்றையும் அண்ணனை நம்பி விட்டுவிட்டு வந்தார் என்றால், எங்கள் மேல் எவ்வளவு பிரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவ அறையில் என் மனைவிக்கு வலிப்பு வந்தது. ரத்தக் கொதிப்பு தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பெண் குழந்தை நன்றாகப் பிறந்து நன்றாக அழுதது. தாய் நினைவில்லாமல் கிடந்தாள். நினைவு வந்து கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, “ஏன் யாரும் லைட்டைப் போடல?” என்றுதான். ஜன்னலுக்கு வெளியே மதுரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இருட்டு சில வாரங்களில் விலகியது. ஆனால் விலகி வந்தது வெளிச்சம் இல்லை. “கஞ்சித் தண்ணிக்குள்ள உக்காந்து பார்க்கிற மாதிரி இருக்கு” என்றாள். கண் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கை அடித்துப் பார்த்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, “கண்ணு ரெண்டும் முத்து மாதிரி இருக்கு. இதுல ஒரு கோளாறும் இல்ல” என்றார்.

அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு தடிமனான மனோதத்துவப் புத்தகத்தை அப்போது பாதிவரை படித்திருந்தேன். பாதி படித்தவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. முழுக்கப் படித்தவனுக்காவது சந்தேகம் வரும். கண்ணில் கோளாறு இல்லையென்றால் மனசில்தான் கோளாறு, பிரசவ பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பார்வையை மறைக்கிறது, இதற்குப் பெயர் ஹிஸ்டீரியா என்று மதினிக்கு வகுப்பு எடுத்தேன். மதினி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார். ஊரிலிருந்து பார்க்க வந்த அண்ணனுக்கும் தனியாக ஒரு வகுப்பு. திருஷ்டி சுற்றிப் போடுவதற்காக மதினி வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நான் விஞ்ஞானத்துக்குப் பயன்படுத்தியது இந்தக் கட்டத்தில்.

பழம் எறிந்த கதையை மதினியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எறியிற பழம் தெரியுது,” என்றார். “பெத்த பிள்ளை தெரியலையாக்கும்?”

“அது வேற மதினி…”

“நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. பிள்ளையை மடியில போட்டா குனிஞ்சு மொகத்தைப் பார்க்க மாட்டேங்கிறா. சொவத்தைப் பார்த்துக்கிட்டே பால் குடுக்கிறா. கண்ணு தெரியாட்டி பாவம்னு சொல்லலாம். தெரிஞ்சும் பார்க்கலைன்னா அது என்ன சங்கதி?”

அதற்குப் பதில் தேடி புத்தகத்தில் மீதிப் பாதியைப் படித்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

கடைசியில் யாரோ சொல்லி ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். வாலிபர். அவள் முகத்துக்கு நேரே ஒரு ஜாண் தூரத்தில் தன் பேனாவை நிறுத்திப் பிடித்தார்.

“என்னம்மா தெரியுது?”

“ஒண்ணும் தெரியல சார்.”

பேனாவை மெல்ல நகர்த்தினார். “இப்ப?”

“ஏதோ போகுது. இந்தப் பக்கம். இப்ப மேல போகுது.”

நிறுத்தினார். “இப்ப?”

“போயிருச்சு.”

“எங்கம்மா போச்சு?”

“நீங்கதான் எடுத்துட்டீங்களே.”

பேனா அவள் மூக்குக்கு முன்னால் அப்படியே இருந்தது. 

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண் ஒழுங்காகத்தான் படம் பிடிக்கிறது. அதை வாங்கிப் பார்க்கிற இடம் பின்மண்டையில் இருக்கிறது. வலிப்பில் அந்த இடம் அடிபட்டுவிட்டது. ஒரு பொருள் இன்னதென்று பார்ப்பதும், அது அசைகிறதா என்று பார்ப்பதும் மூளைக்குள் வேறு வேறு வேலைகள். இவளுக்கு முதல் வேலை கெட்டு, இரண்டாவது தப்பியிருக்கிறது. யுத்தத்தில் மண்டையில் குண்டடி பட்ட சிப்பாய்கள் சிலருக்கு இப்படி ஆகியிருக்கிறதாம்.

“சரியாகுமா டாக்டர்?”

“கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

அந்தக் ‘கொஞ்சம்’ பின்னாளில் திரும்பத்தான் செய்தது. கடைசிவரை கொஞ்சமாகவே இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். “நல்ல டெஸ்ட்தான்,” என்றார், “இனிமே பண்ணாதீங்க.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் எங்கள் எல்லோரையும் சேர்த்தே வைத்தியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். ஓடுகிற மின்விசிறி அவளுக்குத் தெரியும். கரண்ட் போனால் விசிறியும் போய்விடும். முறத்தில் புடைக்கும்போது அரிசி இருக்கும். புடைத்து முடித்ததும் அரிசியும் முறமும் சேர்ந்து காணாமல் போகும். தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், டவுன் பஸ் தூரத்தில் வருவதை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். பஸ் வந்து எங்கள் எதிரே நின்றதும், “எங்கங்க போச்சு?” என்பாள். நான் காபி டம்ளரை அவள் முன்னால் ஆட்டிக் காட்டியே கொடுக்கப் பழகினேன். பாதி காபி தரைக்கு. நிற்கும்போதெல்லாம் கோயில் யானை மாதிரி அசைந்துகொண்டே நிற்கப் பழகினேன். ஒருநாள், “நீங்க வெத்தலை போடுங்களேன்,” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “மென்னா மொகம் தெரியும்.” அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

கோரிப்பாளையத்தில் ஒருமுறை அவளைச் சாலையின் ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கடையில் மாத்திரை வாங்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஜனத்துக்குள் தத்தளித்துக்கொண்டு நிற்கிறாள். நான் இங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். போதவில்லை. குதித்தேன். வேட்டி ஒரு கையில், மாத்திரை ஒரு கையில், நடுச்சாலையில் குதித்துக்கொண்டே அவளிடம் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் அத்தர் விற்கிற ஒரு பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் மெதுவாக, “பாவம்மா. எத்தினி நாளா இவருக்கு இப்படி? தர்காவுல ஓதிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“கல்யாணம் ஆனதுல இருந்தே இப்படித்தான் பாய்,” என்றாள் என் மனைவி.

அவள் அப்படிப் பேசுகிறாளே என்று அன்று எனக்குச் சந்தோஷம். வீட்டில் மதினியின் முன்னால் அவள் அதிகம் பேசுவதில்லை. அடிபட்டதற்கு வெட்கப்படுகிறவளைப் போல இருப்பாள்.

பிள்ளை விஷயம்தான் எங்களை அறுத்தது. விழித்துக்கொண்டு கையைக் காலை உதைக்கும்போது பிள்ளை அவளுக்குத் தெரியும். ஒரு கை, ஒரு கால், அலையும் ஒரு தலை என்று துண்டு துண்டாக. தூங்கிவிட்டால் மடியில் கனம் மட்டும்தான் இருக்கும், பிள்ளை இருக்காது. பால் குடிக்கும்போதும் பிள்ளையின் முகம் அவள் மார்பில் பதிந்து அசையாமல் இருக்கும். அதனால்தான் அவள் குனிவதில்லை. குனிந்தால் அங்கே ஒன்றுமில்லை. சுவரில் ஜன்னல் வழியாக வந்த வேப்பமர நிழலாவது ஆடிக்கொண்டிருக்கும்.

இதை நான் டாக்டர் பாஷையில் மதினிக்கு விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சோறு வைக்கவா தம்பி?” என்றார்.

அப்போதுதான் தொட்டில் விவகாரம் தொடங்கியது. உத்தரத்தில் சேலையைக் கட்டி, குறுக்கே ஒரு கட்டை கொடுத்து வாயைத் திறந்து வைத்த தொட்டில். என் மனைவி அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை தூங்கின பிறகும் ஆட்டினாள். குனிந்து, முகத்தைத் தொட்டில் வாய்க்கு மேலே வைத்துக்கொண்டு, ஒரு கையால் தள்ளித் தள்ளி ஆட்டினாள்.

“தூங்குற பிள்ளையை ஏத்தா போட்டு ஆட்டுற? கிறுகிறுத்துப் போயிராது?” என்று மதினி அதட்டுவார். அவள் கையை எடுத்துக்கொள்வாள். மதினி அடுப்படிக்குப் போனதும் மறுபடி தொட்டில் ஆடும்.

ஒரு நாள் காலையில் மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டப் போயிருந்தார். இவள் பின்கட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்த்திருப்பாளா என்பது வேறு விஷயம். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். துவட்டின பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்த மதினி, வாசற்படியிலேயே நின்று வீறிட்டார். நான் தாடையை வெட்டிக்கொண்டேன்.

என் மனைவி வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து, அதற்குள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மதினி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கினார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. மாடு முட்ட வந்தாலும் கொம்பைப் பிடிக்கிற மனுஷி.

“பிள்ளை உள்ள இருக்கா இல்லையான்னு கூடவா தெரியல? கைய விட்டுப் பார்க்க வேண்டியதுதான?”

“கைய விட்டா இருக்கான்னு தெரியும்க்கா,” என்றாள் என் மனைவி. “எனக்குப் பார்க்கணும்.”

“அதுக்கு?”

“ஆட்டுனாத்தான் மொகம் வருது. நிறுத்துனா போயிருது. இன்னைக்கு ரொம்ப நேரமா வரலையேன்னுதான் ஆட்டிக்கிட்டு இருந்தேன்.”

 தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவள் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே வழி அது. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை; டாக்டருக்கும் தோன்றவில்லை. மதினிக்கோ இந்தப் பதில், பேய் பிடித்தவள் பேசுகிற பேச்சு மாதிரியே கேட்டிருக்கிறது. மறுநாளே அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணன் வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் பஞ்சாயத்து என்று அர்த்தம்.

“பிள்ளையை நாங்க கொண்டு போறோம்டா. உன் மதினி வளர்ப்பா.”

“அண்ணே, இது மூளையில பட்ட அடி. டாக்டரே சொல்லிட்டாரு.”

“போன தடவ வந்தப்ப மனசுலன்னு சொன்ன. நானும் ஊரெல்லாம் அதையே சொல்லிவச்சேன். இப்ப மண்டைங்கிற. அடுத்த தடவ வந்தா என்னத்தச் சொல்லுவ?”

“அப்ப எனக்குத் தெரியலண்ணே.”

“இப்ப மட்டும் எம்புட்டுத் தெரியும்?”

நியாயமான கேள்வி. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி உள்ளேயிருந்து அண்ணனுக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த நடையில், காற்றுக்காக மதினி ஒரு பாயைப் போட்டுப் பிள்ளையைத் தூங்க வைத்திருந்தார். அதை இவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது தோன்றியது என் வாதம் மட்டும்தான்.

அவள் கால் பாயின் ஓரத்தில் பட்டது. அடுத்த கால் தூக்கி, வைக்கப்போன இடத்தில் பிள்ளையின் வயிறு இருந்தது.

மதினி பாய்ந்து பிள்ளையை வாரினார். பிள்ளை விழித்து, வீறிட்டு, கையைக் காலை உதைத்தது. அப்போதுதான் என் மனைவிக்கு அது தெரிந்தது. மதினியின் கையில் உதைக்கிற பிள்ளையைப் பார்த்தாள். தன் கால் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. டம்ளர் கையிலேயே இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மதினி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். 

“கொண்டு போங்கக்கா,” என்றாள்.

நான், “இரு, யோசிச்சு…” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க சும்மா இருங்க.” மதினியின் குரல் வந்த பக்கம் திரும்பினாள். “தவழ ஆரம்பிச்சதும் கொண்டாந்து விட்டுருங்கக்கா. அவளா அசைஞ்சான்னா நான் பார்த்துக்குவேன்.”

“விட்டுர்றேன்த்தா,” என்றார் மதினி. அந்த நிமிஷத்தில் அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிள்ளைக்கு அப்போது முகம் தெரிய ஆரம்பித்திருந்தது. பிறந்தபோது அதற்கும் எல்லாம் கஞ்சித் தண்ணியாகத்தான் இருந்திருக்கும். மாதங்கள் போகப் போக அந்தச் சின்ன மூளை இது மூக்கு, இது வாய், இது நம்மைத் தூக்குகிறவள் என்று கோத்துக்கொண்டது. மதினியின் முகத்தை நூறு பேருக்கு நடுவில் கண்டுபிடித்துத் தாவியது. என் மனைவி கையை நீட்டினால் உதட்டைப் பிதுக்கி, மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிள்ளை முகம் பார்க்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள். இவளும் “அப்படியாக்கா?” என்று சிரிப்பாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

மாதங்கள் ஓடின. நாங்கள் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை. கேட்டபோதெல்லாம் மதினியிடம் ஒரு காரணம் இருந்தது. டவுன் தண்ணி ஒத்துக்காது. ஆடி மாசம் பிள்ளையை எடம் மாத்தக் கூடாது. “இன்னும் ஒரு பல்லு கூட மொளைக்கல, அதுக்குள்ள என்ன அவசரம்? பல்லு மொளைக்கிறப்பக் காய்ச்சல் வரும், உங்களுக்குப் பார்க்கத் தெரியாது.” ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேச்சுவாக்கில், “நேத்து அடுப்படி வரைக்கும் தவழ்ந்து வந்துட்டா கழுதை” என்று உளறிவிட்டார். மதினி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் மோர் குடிப்பதில் மும்முரமானேன்.

பஸ்ஸில் என் மனைவி, “தவழ்றாளாம்,” என்றாள். அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணனிடம் நேருக்கு நேர் பேச எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரம் உட்கார்ந்து, பெண்டாட்டிக்குப் பயந்த ஒரு புருஷனைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்பினேன். உடனே போட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை அவள் சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வேலைநாளில் என்னை ஆபீசுக்கு லீவு போடச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். நாங்கள் போனபோது முற்றத்தில் நிலக்கடலை காயப்போட்டிருந்தது. மதினி கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கால் வைத்ததுமே என் மனைவி, “அந்தா போறா” என்றாள்.

எனக்கு யாரும் தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். கடலைக்கு அந்தப்பக்கம், கடலை நிறத்திலேயே ஒரு சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளை ஒரு கோழியின் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தது. இவள் தலை அதன் கூடவே திரும்பியது. “கோழி திரும்பிருச்சு. அவளும் திரும்புறா. ஏ, வெரசாப் போறாளே!” என்றாள். மதினியின் கை வெற்றிலையோடு நின்றுவிட்டது.

கோழி பறந்து கூரையில் ஏறியது. பிள்ளை நின்றது. மெல்ல எழும்பி உட்கார்ந்தது. அசையவில்லை.

என் மனைவியின் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து போயிற்று. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, காலில் கடலை தட்டுப்பட்டதும் மிதித்துவிடக் கூடாதே என்று தடுமாறி நின்றாள். பத்தடி தூரத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். மதினி உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார். அவர் எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக.

பிள்ளை எங்களை நிமிர்ந்து பார்த்தது. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். விருந்தாளிகள் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குப் பழக்கியிருந்தார்கள். உட்காரப் படித்த பிள்ளைக்கு எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிற வித்தைதான். உட்கார்ந்த இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடியது. மதினி சொல்லிக்கொடுத்தது.

“இந்தா இருக்கா!” என்றாள் என் மனைவி.

அப்படியே குந்தினாள். பிள்ளை ஆட்டத்தை நிறுத்திவிடப்போகிறதே என்ற பதற்றத்தில் அவளும் சாய்ந்து ஆடத் தொடங்கினாள். ஒரு பெரியவளும் தன்னைப் போலவே ஆடுகிறாளே என்று பிள்ளைக்குச் சிரிப்பு. இன்னும் வேகமாக ஆடியது. கடலைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. “என்னடா, சாமி கீமி வந்துருச்சா?” என்றார் அண்ணன்.

“சிரிக்கிறா,” என்றாள் இவள், ஆடிக்கொண்டே. “வாயைத் தொறந்து சிரிக்கிறா. ரெண்டு பல்லு. கீழ ரெண்டு பல்லு இருக்கு.”

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

வெகுநேரம் வரவில்லை. உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. பிள்ளையின் துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. மேலாக அந்தத் தொட்டில் சேலை.

“தண்ணியக் காய்ச்சி ஆத்திக் குடு. தரையில போடாத, தூங்குனா தொட்டில்ல போடு.” கொஞ்சம் நின்றார். “ஆட்டிக்க. எம்புட்டு வேணும்னாலும் ஆட்டிக்க. நான் ஒண்ணும் சொல்லல.”

பஸ் நிறுத்தம் வரை அண்ணன்தான் வந்தார். மதினி வாசலுக்குக் கூட வரவில்லை.

பஸ் கிளம்பியதும் பிள்ளை கதற ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே மதினியைத் தேடித் தேடிக் கதறியது. வளைந்தது, துள்ளியது, என் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்தது. பரவை சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒரு அம்மா, “யாரு பிள்ளைப்பா இது? பெத்தவகிட்ட இருக்கிற பிள்ளையா இப்படிக் கத்தும்?” என்று கண்டக்டருக்குக் கேட்கும்படியே கேட்டார். கண்டக்டரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. என் மனைவிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. தன்னை அடித்து உதைத்துத் தள்ளுகிற அந்த முகத்தை, கண்ணை அகலத் திறந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எப்போது இவ்வளவு அசையப்போகிறது?

பிறகு அழுகை விசும்பலாகி, விசும்பலும் ஓய்ந்து, பிள்ளை தூங்கிவிட்டது. அவள் மடியைப் பார்த்தாள். பார்வையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற வயல்களின் மேல் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் வயிற்றின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு அந்தக் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எழுத்தாளன் சும்மா இருப்பானா? இந்த நேரத்தில் அவள் வாயிலிருந்து ஏதாவது ஒரு பெரிய வார்த்தை வரும், என்றைக்காவது எழுதலாம் என்று எனக்கு நப்பாசை.

“இன்னைக்கு முகத்தை முழுசாப் பார்த்துட்ட,” என்றேன். “எப்படி இருக்கா?”

பஸ் ஊருக்குள் நுழைகிறவரை அவள் யோசித்தாள்.

“மூக்கு உங்க மூக்கு,” என்றாள். “ஆடாம இருந்தா அவ்வளவாத் தெரியாது.”